வீட்டுப் பரிசோதகரைச் சோதித்தது யார்?

ஒன்ராறியோவில் மின்வேலை செய்பவருக்கு உரிமம் வேண்டும். குழாய்வேலை செய்பவருக்கும் வேண்டும். அவர்கள் செய்த வேலையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் வீட்டுப் பரிசோதகருக்கு மட்டும் வேண்டியதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா 2009இலும் அல்பேர்ட்டா 2011இலும் உரிமத்தைக் கட்டாயமாக்கின. ஒன்ராறியோவும் 2017இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே ஸ்காபரோவிலோ ஏஜாக்ஸிலோ வீடு வாங்கப் போகிறவர்கள் பரிசோதகரின் தகுதியைத் தாங்களேதான் விசாரிக்க வேண்டும். வீடு பிடித்துப்போன பிறகு அதற்கு அவகாசம் கிடைக்காது. தேடத் தொடங்கும்போதே செய்துவிடுங்கள்.

முதல் வேலை, அவருடைய விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. அங்கே மூன்று வேறுவேறு விடயங்கள் கலந்து கிடக்கும். கல்லூரிச் சான்றிதழ், அவர் படித்தார் என்கிறது. சங்க உறுப்புரிமை, சந்தா கட்டிச் சேர்ந்தார் என்பதற்கு மேல் சில சமயம் எதையும் சொல்லாது. அவரைச் சேர்த்துக்கொள்வதால் இலாபம் இல்லாத ஒரு மூன்றாம் தரப்பு சோதித்துக் கொடுத்த சான்றுதான் உங்களுக்குத் தேவையானது.

கனடாவில் இதற்கென்றே தேசிய வீட்டுப் பரிசோதகர் சான்றளிப்பு மன்றம் இருக்கிறது, சுருக்கமாக என்.எச்.ஐ.சி.சி. பரிசோதகர்களுக்குச் சான்று கொடுப்பதோடு, பயிற்சி நெறிகளையும் பரிசீலித்து அங்கீகரிக்கிறது. ஒன்ராறியோ வீட்டுப் பரிசோதகர் சங்கத்தின் ஆர்.எச்.ஐ. பட்டத்துக்கு 1994ஆம் ஆண்டு மாகாணச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. தகுதி பெறாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. எந்த எழுத்துகளைக் கண்டாலும், அவற்றை வழங்கிய அமைப்பின் பெயர்ப்பட்டியலில் அவர் இன்றும் இருக்கிறாரா என்று பாருங்கள். சான்று காலாவதியானாலும் பழைய கார்டு கைமாறிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்து அவரிடமே பேசுங்கள். நான் மிக முக்கியமாகக் கருதும் கேள்வி இது: “உங்களை ஒரு வீட்டுக்குள் விட்டு யாராவது சோதித்தார்களா?” இணையத்தில் வீட்டிலிருந்தே எழுதும் பரீட்சையில் விடைகளைத் தேடிப் பிடிக்கலாம். என்.எச்.ஐ.சி.சி.யின் கள சோதனையில் அது நடக்காது. அங்கே விண்ணப்பதாரர் ஓர் உண்மையான வீட்டைப் பரிசோதித்து, கண்டதை மூத்த பரிசோதகர்கள் முன் வாயால் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட சோதனையில் தேறியவர் இந்தக் கேள்விக்குத் தயங்கமாட்டார். எங்கே படித்தார், அந்த நெறியை அங்கீகரித்தது யார், தனியாகத் தொழில் தொடங்குமுன் யாருக்குக் கீழே பழகினார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சான்று உண்மையாகவே இருந்தாலும், நீங்கள் வாங்கும் வகை வீடு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரொறன்ரோவில் 1950க்கு முந்திய வீடென்றால், பீங்கான் குமிழ்களில் இழுத்த பழைய மின்கம்பி சுவருக்குள் இருக்கலாம். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் கட்டியதென்றால் அலுமினியக் கம்பியைப் பற்றிக் கேளுங்கள். 1990களின் நடுப்பகுதிக்கும் 2007க்கும் இடைப்பட்டதென்றால் கைட்டெக் குழாயைப் பற்றி. இவை இருந்தால் காப்புறுதி நிறுவனம் தயங்கலாம், கூடுதலாகக் கேட்கலாம். எதை வைத்து அடையாளம் காண்பார் என்று அவர் உங்களுக்குப் புரியும்படி விளக்கவேண்டும்.

பழைய அறிக்கை ஒன்றின் மாதிரியை, முன்னைய வாடிக்கையாளரின் விபரங்களை நீக்கி, அனுப்பச் சொல்லுங்கள். கூரை, அத்திவாரம், மின்சாரம், சூடாக்கி, குழாய்கள் ஒவ்வொன்றுக்கும் படமும், எந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும். கனடாவின் வீட்டுப் பரிசோதனைத் தரமான சி.எஸ்.ஏ. ஏ770 பற்றி அவருக்குத் தெரியுமா என்றும் கேட்கலாம்.

வீட்டு முகவர் ஒரே ஒரு பெயரை மட்டும் தந்தால், இன்னும் இருவரை நீங்களே தேடுங்கள். முகவர் கெட்டவர் என்பதல்ல. விற்பனை முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன், பரிசோதகருக்கோ அடுத்த வேலையும் அவர் மூலமே வரவேண்டியிருக்கலாம். இந்த விடயத்தில் நம்மவர்கள் முகத்துக்கு அஞ்சுவது கவலை தருகிறது.

கடைசியாக, தொழிற்பிழைக் காப்புறுதியின் அத்தாட்சியையும் ஒப்பந்தத்தையும் பரிசோதனைக்கு முதல் நாளே வாங்கிவிடுங்கள். வாசலில் நின்று கையெழுத்து வைக்க வேண்டாம். தவறு நேர்ந்தால் கட்டிய கட்டணத்துக்கு மேல் பொறுப்பேற்கமாட்டோம் என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். அதைக் கண்டால் முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.