வாக்குத்தத்த அட்டை பொய் சொல்லிவிட்டதா?

கேள்வி: டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தில் வருஷத்துக்கு ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். எங்கள் குடும்பத்துக்கு, கர்த்தர் நம்மேல் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற எரேமியா 29:11 வந்தது. சந்தோஷத்தோடு பீரோ கதவில் ஒட்டிவைத்தேன். மார்ச்சில் என் வீட்டுக்காரரை வளைகுடாக் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து மாமியாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மகளுக்கு இன்னும் கல்லூரிக் கட்டணம் கட்டவில்லை. ஜெபக்குழுவில் ஒரு அக்கா, “உங்களுக்கு விசுவாசம் போதாது. நகையை விசுவாச விதையாக ஊழியத்துக்குக் கொடுங்கள், சாறிபாத் விதவைக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார்” என்கிறார். மீதியிருப்பது தாலிச் செயின் மட்டும்தான். வசனம் பொய்யா, என் விசுவாசம் பொய்யா?
– பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, நாசரேத்

பதில்: சகோதரி, முதலில் செயின். அதைக் கழற்ற வேண்டாம். மற்றதைப் பிறகு பேசுவோம்.

சாறிபாத் விதவையின் கதையை 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தில் நீங்களே ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பஞ்சத்தில் கடைசிப் பிடி மாவு மட்டும் பானையில் வைத்திருந்த அவளிடம் அப்பம் கேட்டவர், பசியோடு வந்த எலியா தீர்க்கதரிசி. வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகவில்லை. அதே வீட்டு மேல்மாடியில் தங்கினார், அதே பானை மாவில்தான் அவரும் சாப்பிட்டார், அவள் மகன் செத்துக்கிடந்தபோது தூக்கிக்கொண்டு போய் ஜெபித்தவரும் அவரே. பானை நிரம்பி வழிந்ததாகவும் அங்கே எழுதியிருக்காது. தீரவில்லை, அவ்வளவுதான். அன்றைக்குள்ளது அன்றைக்கு இருந்தது. உங்களிடம் விதை கேட்கிற ஊழியக்காரர் உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் குடிக்கிற கஞ்சியைக் குடித்து, மாமியாரை டயாலிசிசுக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்புவார் என்றால் அப்போது யோசிக்கலாம். காணிக்கை நல்லது. கஷ்டம் தீர வழி தெரியாத பெண்ணிடம் கழுத்துச் செயினைக் கேட்பது காணிக்கை வாங்குவதில் சேராது.

அடுத்து அட்டை. இந்தப் பழக்கத்தை நான் பழிக்கமாட்டேன். இதற்கு நல்ல முன்னோர்கள் உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொரேவிய சபையார் குடியேறியிருந்தார்கள். அவர்களுடைய தலைவரான சின்சென்டார்ப் பிரபு 1728இல், மறுநாளுக்கென்று ஒரு வசனத்தைச் சபைக்குக் கொடுத்தார். அது வழக்கமாகிப்போனது. காலையில் சகோதரர்கள் வீடு வீடாகப் போய் அன்றைய வசனத்தைச் சொல்லிவருவார்கள். 1731இல் ஆண்டு முழுமைக்குமான வசனங்கள் புத்தகமாகவே வந்தன. இன்றைக்கும் அதே ஊரில் சீட்டுப்போட்டு வசனம் எடுத்து வருடாவருடம் அச்சிடுகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள். அது முழு ஊருக்கும் ஒரே வசனம். உனக்கு இது, எனக்கு அது என்ற பங்கீடு கிடையாது. இந்த வருஷம் எனக்கு என்ன நடக்கும் என்று யாரும் அதில் பார்க்கவில்லை. இன்றைக்கு நான் எப்படி நடக்கவேண்டும் என்றுதான் பார்த்தார்கள்.

அந்தச் சபையார் நம் கரைக்கும் வந்தவர்கள். 1760இல் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். நிக்கோபார் தீவுகளில் ஊழியம் செய்வது அவர்களுடைய நோக்கம். அங்கே போனவர்களில் பலர் காய்ச்சலில் மாண்டார்கள். கடைசியில் தீவையும் விட்டு, தரங்கம்பாடியையும் விடவேண்டியதாயிற்று. தினம் தவறாமல் வசனம் வாசித்தவர்கள்தான். அவர்களுக்கு விசுவாசம் போதாது என்று உங்கள் ஜெபக்குழு அக்கா சொல்வாரா?

இப்போது உங்களுக்கு வந்த வசனத்துக்கு வருவோம். எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துப்போன ஜனங்களுக்கு எழுதியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷம், எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்திலேயே எல்லாருக்கும் முன்பாக அறிவித்தவர் அவர். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியா எழுதியது வேறு: அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணம் நன்றாயிருக்க ஜெபம்பண்ணுங்கள், திரும்பி வர 70 வருஷம் ஆகும். அந்த 70 வருஷம் 10ஆம் வசனத்தில் இருக்கிறது. உங்கள் அட்டையில் இருப்பது 11. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள் என்று தெரிந்துகொண்டுதான் அந்த 11ஆம் வசனத்தை வாசிக்க வேண்டும். அட்டை அச்சடிக்கிறவர்களைக் கேட்டால் 10ஆம் வசனத்துக்கு இடமில்லை என்பார்கள். இடம் இருக்கிறது. அதில் ரோஜாப்பூ போட்டிருக்கிறார்கள்.

ஆகவே வசனம் பொய்யில்லை. டிசம்பர் 31க்குள் முடிந்துவிடும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

உங்கள் விசுவாசம் பொய்யா என்று கேட்டீர்கள். எரேமியா 32ஐயும் திறந்துவையுங்கள். எருசலேமைச் சுற்றிப் பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவல்வீட்டு முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தகப்பனுடைய சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். ஆனதோத் எருசலேமுக்கு வெளியே, நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கிராமம். வெளியே எல்லாம் எதிரியின் கையில். அந்த நிலத்தை யார் வாங்குவார்? கர்த்தர் வாங்கச் சொன்னார், எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார், பத்திரத்தில் கையெழுத்திட்டார், சாட்சிகளையும் கையெழுத்திட வைத்தார். முத்திரைபோட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நடக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறது.

பத்திரம் முடித்துக் கொடுத்த பிறகு அவர் செய்த ஜெபம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்டவருடைய வல்லமையையெல்லாம் வரிசையாகச் சொல்லித் துதித்துக்கொண்டே வருகிறார். கடைசியில் மனதிலிருப்பது வெளியே வந்துவிடுகிறது: நகரமே பாபிலோனியர் கைக்குப் போகிறது, நீர் என்னை நிலம் வாங்கச் சொல்லுகிறீரே! கையெழுத்து முதலில், கேள்வி பிறகு. அந்தக் கேள்விக்காகக் கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எரேமியா அந்த நிலத்தில் ஏர் பூட்டியதாகவும் வேதத்தில் இல்லை. பின்னால் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நீங்கள் மாமியாரைத் தவறாமல் டயாலிசிசுக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். அழுதுகொண்டே கேள்வியும் கேட்கிறீர்கள். இதற்கு விசுவாசம் என்று பெயர் இல்லாவிட்டால் வேறு எதற்கு என்று எனக்குத் தெரியாது.

இனிக் காரியம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் அது சேரும். காப்பீட்டு அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். மகள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழுக்கும் எழுதிப்போடுங்கள், கட்டணத்தில் சலுகை கிடைக்குமா என்று கல்லூரியில் கேளுங்கள். சேகரகுருவிடம் கூச்சப்படாமல் நிலைமையைச் சொல்லுங்கள். அசன விருந்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி சேர்க்கத் தெரிந்த சபைக்கு ஒரு பிள்ளையின் கட்டணம் பாரமில்லை. சொல்லாமல் இருந்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அட்டை பீரோவிலேயே இருக்கட்டும். பக்கத்தில் 10ஆம் வசனத்தையும் பேனாவால் எழுதிவையுங்கள்.

கேள்வி: மதுரையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிறேன். பாதிச் சரக்குக்குக் கணக்கில் வராத துண்டுச்சீட்டு பில் போடச் சொல்கிறார் முதலாளி. அவரும் ஆலயத்துக்கு வருகிறவர்தான். மனசாட்சி உறுத்துகிறது. வேலையை விட்டுவிடவா?
– வாசகர், மதுரை

பதில்: நாளைக்கே விடவேண்டாம் தம்பி. தானியேலுக்கு ராஜாவின் சாப்பாடு தீட்டாகப்பட்டபோது அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகவில்லை. பொறுப்பாளரிடம் மரியாதையாகப் பேசி, பத்து நாள் சோதித்துப்பாருங்கள் என்று ஒரு வழியையும் அவரே சொன்னார். நீங்களும் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து முதலாளியிடம், “அண்ணாச்சி, துண்டுச்சீட்டு மட்டும் என் கையால் எழுதமாட்டேன், மற்ற எந்த வேலையும் கொடுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். உபதேசம் வேண்டாம், ஆலயத்தை இழுக்க வேண்டாம். ரெய்டு என்று வந்தால் உங்கள் கையெழுத்துதான் முன்னால் நிற்கும் என்பதையும் யோசியுங்கள். அவர் ஒத்துக்கொள்ளலாம், கணக்கு நேராக எழுதுகிற ஆள் கல்லாவுக்கு வேண்டும் என்று வியாபாரிக்குத் தெரியும். வேலையும் போகலாம். போகாது என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அதனால் இப்போதே வேறு இடம் தேடத் தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்தும் அதே சீட்டை எழுதிக்கொண்டிருந்தால் குற்றத்தை முதலாளிமேல் போட முடியாது.

இன்னொன்று. உங்கள் பக்கமும் நேராக இருக்கவேண்டும். கடைக்கு நீங்கள் நேரத்துக்கு வருகிறீர்களா? இல்லையென்றால் முதலாளியிடம் பேசப்போகும்முன் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: காலை நாலரைக்கு எழுந்தால் சமையல், பால், பிள்ளைகள், பஸ் என்று ஓடுகிறேன். வேதம் வாசிக்க முடியாமல் குற்ற உணர்வாக இருக்கிறது.
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அதிகாலையில்தான் வாசிக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு சங்கீதம் வாசியுங்கள், கிடைக்காவிட்டால் செல்போனில் கேளுங்கள். இரவு குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளை மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: காலையில் பால் வாங்கிவரும் வேலை நாளையிலிருந்து அவருடையது.