டாக்டரும் சட்டசபையும்

கேள்வி: மருத்துவம் படிக்கும் என் மகள், பிறகு அரசியலுக்கும் போவேன் என்கிறாள். இரண்டும் ஒத்துவருமா?
– ஒரு நெசவாளர், சின்ன காஞ்சிபுரம்

பதில்: பாவும் ஊடையும் சேர்ந்தால்தானே பட்டு! கர்ப்பிணிகளுக்கான அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு யார் பெயர்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில், தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்தவர். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாண சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினர். துணைத் தலைவராகவும் அமர்ந்தார்.

கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை எதிர்த்து அவர் சபையில் வாதாடினார். பொட்டுக்கட்டுவதை ஒழிக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது. இடையில், 1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் தூக்கியெறிந்தார். அதே ஆண்டு ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார்.

பதவி போனாலும் மருத்துவம் போகவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்துவைக்கும்வரை ஓயவில்லை. அவர் பிறந்த ஜூலை 30-ஐத் தமிழக அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது.

நோயாளியின் வலியைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஊரின் வலியும் கேட்கும். மகளைத் தடுக்காதீர்கள், படிப்பை மட்டும் பாதியில் விடவேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.