இங்கிலாந்தில் சிறு கடைக்கு மதுபான லைசன்ஸ்: எடுப்பதும் காப்பதும்

ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் பலசரக்குக் கடை நடத்தும் நம்மவர்கள் பலருக்குக் கடை வாடகைக்குக் கைகொடுப்பது பியரும் வைனும்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவற்றை விற்க 2003ஆம் ஆண்டின் லைசன்சிங் சட்டப்படி அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். அதில் எழுதித் தரும் வாக்குறுதிகள் நாளை உங்களைத்தான் கட்டுப்படுத்தும்.

1. ஆளுக்கு லைசன்ஸ்

கடைக்கு ஒன்று, விற்பனைக்குப் பொறுப்பாளராகப் பெயர் கொடுப்பவருக்கு ஒன்று என இரண்டு லைசன்ஸ் தேவை. பொறுப்பாளர் அதற்கான பரீட்சையில் 40 கேள்விகளில் 28க்குச் சரியாக விடை எழுத வேண்டும். குற்றப் பதிவுச் சான்றிதழ், வேலை செய்யும் உரிமைக்கான ஆதாரம், 37 பவுண் கட்டணம் ஆகியவற்றுடன் தான் வசிக்கும் இடத்துக் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

2. கடைக்கு லைசன்ஸ்

இதைக் கடை இருக்கும் இடத்துக் கவுன்சிலிடம் கேட்க வேண்டும். மதுபான அலுமாரி, டில், வெளியேறும் வழிகள், தீயணைப்புக் கருவிகள் எல்லாம் தெரியும் வரைபடமும், பொறுப்பாளரின் சம்மதக் கடிதமும் தேவை. கட்டணம் கடையின் வரி மதிப்பைப் பொறுத்தது: 4,300 பவுண் வரை 100 பவுண், 33,000 வரை 190 பவுண். ஏற்கெனவே லைசன்ஸ் உள்ள கடையை வாங்கினால், பெயர் மாற்ற 23, பொறுப்பாளரை மாற்ற 23 பவுண்.

3. வாக்குறுதிகள்

விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான். குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, அயலவருக்குத் தொல்லையின்மை, சிறுவர் பாதுகாப்பு ஆகிய நான்குக்கும் என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும். அவை நிபந்தனைகளாக லைசன்ஸில் ஏறும். மீறினால் வரம்பில்லாத் தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். 'சிசிடிவி பதிவை 31 நாள் வைத்திருப்போம், கேட்டதும் தருவோம்' என்று எழுதினால், இரவு டில்லில் நிற்கும் பையனுக்கும் அதை எடுத்துக் கொடுக்கத் தெரிய வேண்டும். அனுப்பும் முன்பே பொலிஸ் லைசன்சிங் அதிகாரியோடு பேசிவிடுங்கள்.

4. நீல அறிவித்தல்

வெளிர் நீலத் தாளில் அச்சிட்ட அறிவித்தலை 28 நாள் கடை வாசலில், தெருவில் போவோர் வாசிக்கும்படி ஒட்டுங்கள். உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுங்கள். ஆட்சேபம் வந்து பேச்சில் தீராவிட்டால் கவுன்சில் விசாரணை நடத்தும்.

5. கிடைத்த பிறகு

லைசன்ஸ் சுருக்கத்தைச் சுவரில் மாட்டுங்கள். பதிவு பெற்ற மொத்த வியாபாரியிடம் மட்டும் வாங்கி, பில்களைப் பத்திரப்படுத்துங்கள். தீர்வையும் வற் வரியும் சேர்ந்த தொகைக்குக் கீழே விற்காதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றம். அதனால் 25க்குக் கீழ் தோற்றமளிக்கும் எவரிடமும் அடையாள அட்டை கேளுங்கள். நீங்கள் விற்க மறுத்தால் திகதி, நேரம், பொருள், காரணம் ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். இந்தப் புத்தகம் வெறுமையாக இருந்தால், நீங்கள் யாரிடமும் வயது கேட்பதில்லை என்றுதான் அதிகாரி நினைப்பார். ஆண்டுக் கட்டணம் தவறினால் லைசன்ஸ் இடைநிறுத்தப்படும்.

புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் நிபந்தனைகளைக் கூட இருந்து வாசித்துக் காட்டுங்கள். ஏதாவது ஒன்றைக் கடைப்பிடிக்க முடியவில்லையா? மாற்றித் தரும்படி விண்ணப்பியுங்கள். சிறு மாற்றத்துக்கு 89 பவுண்தான். மீறிக்கொண்டே கடை நடத்துவதைவிட அது எவ்வளவோ மலிவு.