தடயவியல் நிபுணராக என்ன படிக்க வேண்டும்?

கேள்வி: பிளஸ் 2 உயிரியல் பிரிவில் படிக்கிறேன். கொலை நடந்த இடத்துக்குப் போய்த் தடயம் எடுத்து, குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் தடயவியல் நிபுணராக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு பி.எஸ்சி. தடய அறிவியல்தான் படிக்க வேண்டுமா? 'பெண் பிள்ளைக்குப் போலீஸ் வேலை எதற்கு?' என்று வீட்டில் தயங்குகிறார்கள்.
– மாணவி, விருதுநகர்.

பதில்: ஆசையோடு நிற்காமல் 'என்ன படிக்க வேண்டும்' என்றும் கேட்டிருக்கிறீர்கள், பாராட்டுகள். முதலில், திரையில் பார்த்த நிபுணரைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். ரேகை எடுப்பது, பிரேதப் பரிசோதனை செய்வது, டி.என்.ஏ. பார்ப்பது, கொலைகாரனைத் துரத்திப் பிடிப்பது எல்லாம் அவர் ஒருவரே செய்வார். நிஜத்தில் அப்படி ஒரு வேலையே கிடையாது.

தமிழ்நாட்டில் ஒரு கொலை நடந்தால் வழக்கைப் புலனாய்வு செய்பவர் காவல்துறை அதிகாரி. ரேகை எடுக்க வருபவர்கள் காவல்துறையின் விரல்ரேகைப் பிரிவினர். உடலைப் பரிசோதிப்பவர் அரசு மருத்துவர். ரத்தக் கறை, முடி, தோட்டா, விஷம் போன்றவற்றை ஆராய்பவர்தான் தடய அறிவியல் துறை விஞ்ஞானி. அவர் போலீஸ்காரர் அல்ல. அவருடைய துறை உள்துறையின் கீழ் இயங்கும் தனித் துறை, தலைமை ஆய்வகம் சென்னை மயிலாப்பூரில் இருக்கிறது. இதை வீட்டில் சொன்னாலே பாதித் தயக்கம் போய்விடும்.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பதும் அவர் பொறுப்பல்ல. ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு வேட்டியில் பழுப்பு நிறக் கறை. 'இது இறந்தவரின் ரத்தமா?' என்று புலனாய்வு அதிகாரி கேட்கிறார். விஞ்ஞானி அந்தக் கேள்வியைப் படிப்படியாகப் பிரித்துக்கொள்வார்.

முதல் படி, அது ரத்தமாக இருக்க வாய்ப்பு உண்டா? கறையில் தேய்த்து எடுத்த வடிதாளில் பினால்ப்தலீன் கரைசலையும் அடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடையும் சொட்டுவிட்டால், ரத்தமாக இருந்தால் சட்டென்று இளஞ்சிவப்பு தோன்றும். ஆனால் முள்ளங்கி, உருளைக்கிழங்கு போன்றவற்றின் சாறும் இதே நிறத்தைக் காட்டக்கூடும். அதனால் இதற்கு 'முதனிலைச் சோதனை' என்று பெயர். வாய்ப்பைச் சொல்லுமே தவிர, உறுதி செய்யாது. இரண்டாவது படியில் வேறொரு சோதனை செய்து ரத்தம்தான் என்று உறுதி செய்வார்கள். மூன்றாவது, மனித ரத்தமா விலங்கு ரத்தமா? வேட்டிக்காரர் கறிக்கடை வைத்திருந்தால் வழக்கே இந்தப் படியில் திரும்பிவிடலாம். மனிதப் புரதத்தோடு மட்டும் வினைபுரியும் சீரத்தைக் கொண்டு இதைப் பார்ப்பார்கள். கடைசியாகத்தான் டி.என்.ஏ. ஒப்பீடு. அது பொருந்தினால் 'இந்தக் கறை இன்னாருடைய ரத்தம்' என்று அறிக்கை சொல்லும். அது வேட்டிக்கு எப்படி வந்தது, அடித்ததாலா, அடிபட்டவரைத் தூக்கியதாலா என்பதைப் புலனாய்வும் நீதிமன்றமும் முடிவு செய்யும்.

அந்த வேட்டியை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டியிருந்தால், ஆய்வகம் வந்து சேர்வதற்குள் பாக்டீரியாவும் பூஞ்சையும் டி.என்.ஏ.வைச் சிதைத்திருக்கும். அதனால்தான் நிழலில் உலர்த்தி, காகித உறையில் இட்டு, முத்திரை வைத்து அனுப்புவார்கள். கைப்பற்றியபோதே மகஜரில், அதாவது சாட்சிகள் முன் எழுதும் பதிவில், அதைக் குறித்திருப்பார்கள். யார் கையிலிருந்து யார் கைக்குப் பொருள் போனது என்ற இந்தப் பதிவுகளின் வரிசைக்குச் 'சான்றுத் தொடர்' என்று பெயர். அது ஓரிடத்தில் அறுந்தாலும், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

இனி படிப்புக்கு வருவோம். 'தடய அறிவியல்' என்ற பெயரில் பட்டம் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்பது இன்னொரு தவறான எண்ணம். ஆய்வகத்தில் வேதியியல், இயற்பியல், உயிரியல், நச்சியல் என்னும் விஷ ஆய்வு, டி.என்.ஏ., துப்பாக்கி ஆய்வு, கையெழுத்து மற்றும் ஆவண ஆய்வு, கணினித் தடயவியல் என்று பல பிரிவுகள் உண்டு. அங்கு வருவதெல்லாம் கொலை வழக்கல்ல. சாராய மாதிரியில் மெத்தனால் இருக்கிறதா, உள்ளுறுப்பில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியமான வேலைதான். ஒவ்வொரு பிரிவும் ஓர் அடிப்படை அறிவியலின் மேல் நிற்கிறது. ஆகவே இளநிலையில் வேதியியல், இயற்பியல், விலங்கியல், உயிர்வேதியியல் போன்ற ஒன்றை ஆழமாகப் படித்துவிட்டு, முதுநிலையில் தடய அறிவியலுக்குப் போவதே என் பரிந்துரை. பணி அறிவிப்புகள் அடிப்படைப் பாடத்தைக் கேட்டாலும் கதவு திறந்திருக்கும். இந்தத் துறையில் இடம் கிடைக்கத் தாமதமானாலும் மருந்து, உணவுப் பரிசோதனை ஆய்வகங்களில் வேலை தேடலாம். பி.எஸ்சி. தடய அறிவியலே பிடித்திருந்தால், சேரும் முன் அந்தப் பாடத்திட்டத்தில் செய்முறை வகுப்புகள் எவ்வளவு என்று பாருங்கள்.

நுழையும் வழிகள் வெவ்வேறு. மாநில ஆய்வகத்தின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. விரல்ரேகைப் பிரிவு சப்-இன்ஸ்பெக்டர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது. பிரேதப் பரிசோதனையில்தான் ஆர்வம் என்றால் எம்.பி.பி.எஸ்., பிறகு எம்.டி. தடய மருத்துவம் படிக்க வேண்டும். ஐதராபாத், கொல்கத்தா, சண்டிகர் போன்ற இடங்களில் மத்திய ஆய்வகங்கள் உண்டு. முதுநிலைப் படிப்புக்குக் காந்திநகரில் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

தேவையும் கூடிவருகிறது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் சென்று தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதற்கான ஏற்பாடுகளுக்கு மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம். அதாவது நீங்கள் பட்டம் வாங்கும் காலம்.

நம் மாநிலத்துக்கு இதில் நீண்ட மரபும் உண்டு. நாட்டின் முதல் வேதியியல் பரிசோதனைக் கூடம் 1849-ல் சென்னையில்தான் தொடங்கியது. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் சிதறிக் கிடந்த துணுக்குகளைச் சேர்த்துவைத்து, குண்டு ஒரு பெண்ணின் உடலில் கட்டப்பட்டிருந்தது என்று விளக்கியவர் பேராசிரியர் பி. சந்திரசேகரன். அவர் அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநர்.

ஆகவே இப்போதைக்கு வேதியியலை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். செய்முறை நோட்டில், எதிர்பார்த்த முடிவை எழுதாமல் கண்ணால் கண்டதை மட்டும் எழுதப் பழகுங்கள். நாளை ஒருவரின் விடுதலையோ தண்டனையோ நீங்கள் எழுதும் அறிக்கையின் ஒரு வரியைச் சார்ந்திருக்கலாம்.