கோட்டை நிலையத்துச் சிலை: செய்ந்நன்றியும் நடுவுநிலையும்

எமது முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து கொழும்புக்குச் செல்வோர் மாங்குளத்திலேனும் வவுனியாவிலேனும் புகைவண்டி ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்குதல் வழக்கம். நிலையத்தின் முன்றிலில், நீண்ட தாடியுடைய பெரியார் ஒருவரின் சிலை நிற்கின்றது. முன்னே செல்லும் பெருந்தெருவும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. பொதியைச் சுமந்துகொண்டு பேருந்தைத் தேடும் அவசரத்தில், அவர் யாவரென வினவுவோர் மிகச் சிலரே. முள்ளிவாய்க்காலில் எம்மிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன், தந்தையாருடன் கொழும்பு சென்று மீண்டபின் அவ்வினாவை எம்மிடங் கேட்டான். அவனுக்கு யாம் கூறியவற்றையே இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கும் இங்குத் தொகுத்துரைப்பாம்.

அவர் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட் என்பார். 1832ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திற் பிறந்தவர். அந்நாட்டு உள்நாட்டுப் போர்க்காலத்தில் அரசாங்கக் கொள்முதல்களில் நிகழ்ந்த ஊழல்களை ஆராய்ந்து வெளிப்படுத்தியவர். 1875இல் நியூயோர்க் நகரிற் பிளவற்ஸ்கி அம்மையார் முதலியோருடன் பிரம்மஞான சபையை நிறுவினார். 1880 மே மாதம் 17ஆம் நாள் காலித் துறையில் இறங்கி, அம்மாதம் 25ஆம் நாள் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார்.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரிதும் மிஷன் பாடசாலைகளின் கையில் இருந்தது. நாட்டு மக்களின் சமயங்கள் ஆட்சியாளரின் மதிப்பைப் பெற்றில. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையிற் பௌத்தரின் ஊர்வலமொன்று தாக்கப்பட்டது. தமக்கு நீதி கிட்டவில்லையெனக் கருதிய பௌத்தர், ஒல்கொட்டின் உதவியை நாடினர். அவர் 1884இல் இலண்டன் சென்று, குடியேற்றநாட்டு அலுவலகத்தில் அவர்தம் குறைகளை எடுத்துரைத்தார். 1885இல் வெசாக் நாள் அரசாங்க விடுமுறையாயிற்று. 1886இற் கொழும்பிலே தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பின்னர் ஆனந்தாக் கல்லூரியாக வளர்ந்தது. கண்டியிலும் காலியிலும் வேறு கல்லூரிகள் எழுந்தன. சென்னையில் 1894இல், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளுக்கென இலவசப் பாடசாலை தொடங்கியவரும் அவரே. 1907 பெப்ரவரி 17ஆம் நாள் அடையாற்றிற் காலமானார்.

இனி, இச்சிலையை நாம் எவ்வாறு நோக்குதல் வேண்டும்? திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்தின் பின் நடுவுநிலைமையை வைத்தார். ஒருவர் செய்த நன்றியை நினைக்குமிடத்து நடுவுநிலை சிதைதல் கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதே அவ்வைப்புமுறையின் காரணமெனப் பரிமேலழகர் விளக்குவர். சிலைகளை நோக்குவார்க்கு இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.

நடுவுநின்று நோக்கின், ஒல்கொட் தரிசு நிலத்தில் விதைத்தவரல்லர் என்பது புலனாகும். அவர் வருவதற்கு ஏழாண்டு முன்னரே, 1873இற் பாணந்துறையில் மீகெட்டுவத்தை குணானந்த தேரர் பெருவாதம் நிகழ்த்தியிருந்தார். ஹிக்கடுவை சுமங்கல தேரர் போன்ற பேரறிஞர் ஏடும் எழுத்துமாக உழைத்திருந்தனர். உழுதவர் இந்நாட்டவர், வந்தவர் நீர் பாய்ச்சினார். நீரின்றிப் பயிர் இல்லை; உழவின்றி நீராற் பயனில்லை.

எமது பக்கத்தும் இவ்வுண்மையைக் காணலாம். நல்லூர் ஆறுமுகநாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, கடல் கடந்து எவரும் துணைவந்திலர். வீடுதோறும் ஒதுக்கிய பிடியரிசியே அதனைத் தாங்கிற்று. அவ்வழியில் வந்தோரே 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியைத் தம் பொறுப்பிலேற்றனர்.

பிறர் விடுதலைக்கு உழைத்தாரைப் போற்றுதல் ஒல்கொட்டின் தாய்நாட்டுக்கும் புதிதன்று. பிரித்தானியரின் குடியேற்றநாடுகள் விடுதலைக்குப் போராடியபோது, 1777இற் பத்தொன்பது வயதில் அங்குச் சென்று படையிற் சேர்ந்தவர் பிரெஞ்சு நாட்டு லாபயெற். அவருக்கு நியூயோர்க் நகரில் 1876இற் சிலை வைத்தனர். அப்பொழுது ஒல்கொட் அந்நகரிலேயே வாழ்ந்தார். ஆங்கிலப் பெண்மணியாராகிய அன்னி பெசன்ற் இந்தியாவின் தன்னாட்சிக்காக 1917இற் காவலில் வைக்கப்பட்டார். அவ்வாண்டே காங்கிரசின் தலைவருமானார். பின்னர்க் காந்தியடிகளின் ஒத்துழையாமையை அவர் எதிர்த்தபோதும், சென்னைக் கடற்கரையில் அவர்க்குச் சிலை உண்டு. கருத்து வேறுபட்ட இடத்தும் நன்றி நிலைத்தது.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த மாணவன் ஈற்றில், “ஐயா, அவர்களுக்காகப் பேச ஒருவர் கடல் கடந்து வந்தார். எங்களுக்காக வந்தவர் யார்?” என்றான். வகுப்பு மௌனமாயிற்று. 2008 செப்டெம்பரில் வேற்றுநாட்டுப் பணியாளர் கிளிநொச்சியை விட்டு நீங்கியபோது, போகவேண்டாமென மக்கள் வாயிலில் நின்று மன்றாடினர். அடுத்த மே மாதத்தில் இம்மண்ணில் நிகழ்ந்ததை இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் அறியும். எனவே அவன் வினாவை யாம் பிழையென்று ஒதுக்கவில்லை. பொய்யான ஆறுதலும் கூறவில்லை.

யாம் கூறியது இதுவே. “தம்பி, துணைக்கு ஒருவரும் இல்லாமை இத்தகையதென்பதை நீ அறிந்தாய். அறிந்தவனுக்கே கடமை பெரிது. எம்மவரல்லாத ஒருவர்க்குத் தீங்கு நேருமிடத்து நீ வாய் திறப்பாயாயின், அச்சிலையின் பொருளை உணர்ந்தவனாவாய். தன் உரிமைக்கு நன்றி கூறிவிட்டுப் பிறர் உரிமையை மறக்கும் மக்கட் கூட்டம் எதுவாயினும், அது வைத்த சிலை வெறுங் கல்லே. இது பிறர்க்கு மட்டுமன்று, எமக்கும் பொருந்தும்.”

எம் ஊரில் ஆண்டுதோறும் மே மாதத்தில், அரிசியும் நீரும் உப்பும் இட்டுக் கஞ்சி காய்ச்சி வருவார்க்கெல்லாம் வழங்குவர். போரின் இறுதி நாள்களில் உயிர் காத்த உணவின் நினைவு அது. அதனைப் பெறுவாரின் சாதியையும் சமயத்தையும் எவரும் வினவுவதில்லை. நாவலர் காலத்துப் பிடியரிசி பள்ளியாயிற்று. இக்காலத்துப் பிடியரிசி நினைவாயிற்று. பழைய மாணவராகிய நாம் அடுத்த முறை கோட்டை நிலையத்தில் இறங்கும்போது ஒரு கணம் அங்கு நிற்போமாக. உடன்வரும் பிள்ளைக்கு அவர் வரலாற்றைக் கூறுவதோடு, அவருக்கு முன் உழுதவர் வரலாற்றையும் கூறுவோமாக.