கத்திரி வெயில்: அரிப்புக்கு டியூப் வாங்குமுன்

மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை கத்திரி. காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கைப் பக்கம் அதற்கு முன்பிருந்தே கழுத்தில் வியர்வை காய்வதில்லை. பள்ளி விடுமுறை, கொப்புடையம்மன் திருவிழா, கல்யாணம் காட்சி என்று வெளியூர்ச் சொந்தமெல்லாம் வீடு வந்து சேரும் நேரமும் இதுதான். வளவில் வரிசையாகப் பாய் விரிக்கிறோம். கைக்குக் கிடைத்த துண்டில் துடைத்துக்கொள்கிறோம். தோல்நோய்க்கு இதைவிட வசதியான மாதம் கிடையாது.

முதலில் படர்தாமரை. வட்டமாகச் சிவந்து, ஓரம் மட்டும் தடித்துப் பொரிந்து, நடுவில் ஆறினாற்போல் இருந்தால் பெரும்பாலும் அதுதான், பூஞ்சையால் வருவது. அடுப்படியில் நிற்கும் பெண்களுக்குப் பாவாடை நாடா இறுகும் தடத்திலேயே வளையம் வளையமாக வரும். நாடா அறுத்துவிட்டது என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆண்களுக்குத் தொடை இடுக்கில். அவர்கள் வீட்டில்கூடச் சொல்வதில்லை. நேரே மருந்துக்கடைக்குப் போய் "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்பார்கள்.

வம்பு அங்கேதான் தொடங்குகிறது. கடையில் எடுத்துத் தரும் டியூப்பில் பல நேரம் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடும். "நல்ல மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு போகும். ஆனால் பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் அது சேர்த்தே அடக்குகிறது. நிறுத்தியதும் படை முன்னைவிட அகலமாக, வளையத்துக்குள் வளையமாகத் திரும்பி வரும். மாதக்கணக்கில் போட்டால் தொடைத் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடுகள் பிறகு முழுதாக மறைவதில்லை. 2018இல் மத்திய அரசு, மேலே பூசும் 14 வகை ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்தும் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. எனவே டியூப்பை நீங்களே திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது படர்தாமரைக்கு ஆகாது. வெள்ளையாவதற்கென்று முகத்தில் பூசும் சில க்ரீம்களிலும் இதே பெயர்கள் இருக்கும், அதையும் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு பூஞ்சைக்கு 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டின் பெயரையே சுமக்கும் இது, இப்போது பல நாடுகளில் தலைகாட்டுகிறது. 2023இல் நியூயார்க்கிலும் கண்டறியப்பட்டது. வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாஃபின் மருந்துக்கு இது பல நேரம் மசிவதில்லை. ஒரு வாரத்தில் போய்விடும் என்று அப்பா காலத்தில் சொன்னது இன்று பொருந்தாது. மருத்துவர் எத்தனை வாரம் சொல்கிறாரோ அத்தனை வாரமும் மருந்து தொடர வேண்டும். க்ரீமைப் படையின் மேல் மட்டுமல்ல, ஓரத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியேயும் பூசுங்கள். மறைந்தபின்னும் சொன்ன நாள்வரை தொடருங்கள். வீட்டில் இன்னொருவருக்கு இருந்தால் அவரையும் கூடவே அழைத்துப் போங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மருந்துக்குச் சமமாக ஒன்று உண்டு: உள்ளாடையைக் காயப்போடும் இடம். பெரிய முற்றம் இருந்தும், பெண்களின் உள்ளாடை மட்டும் பின்கட்டில் ஒரு துண்டுக்கு அடியில் ஒளிந்து அரை ஈரமாகவே காய்கிறது. இந்த ஊர் வெயில் சும்மா கிடைக்கிறது. உள்புறத்தை வெளியே திருப்பி, வெயிலிலேயே போடுங்கள். பாவாடைக்கு மெல்லிய நாடாவுக்குப் பதில் அகலப்பட்டி வைத்துத் தையுங்கள். குளித்ததும் இடுக்குகளை ஈரம்போகத் துடைத்தபிறகே உடுத்துங்கள். துண்டும் சோப்பும் ஆளுக்கொன்று.

விருந்தாளி போனபின் இரவில் மட்டும் அரிப்பு பொறுக்க முடியவில்லை, விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரி, வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக என்றால் அது சொறி. கண்ணுக்குப் புலப்படாத பூச்சியின் வேலை. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நாலைந்து வாரம் ஆகலாம். ஆகவே அரிக்காதவரும் மருந்து போட வேண்டும். மருத்துவர் எழுதித்தரும் பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமை, இரவு கழுத்துக்குக் கீழே உள்ளங்கால்வரை, நகத்தடி விடாமல், வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேட்டுக்கொண்டு போடுங்கள். பூசிக் குளித்த அன்றே படுக்கை விரிப்பு, துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பூச்சி செத்தபின்னும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு மிச்சமிருக்கும். பயந்து தினமும் பூச வேண்டியதில்லை.

வியர்க்குருவுக்கு மருந்தைவிடக் காற்றுதான் முக்கியம். வியர்வைத் துளை அடைபடுவதால் வருவது அது. அதன்மேல் எண்ணெயும் பவுடரும் அப்பினால் இன்னும் அடைபடும். குளிர்ந்த நீர்க் குளியல், தளர்ந்த பருத்தி உடை, அரித்தால் கலமைன் போதும். வேனல்கட்டியைப் பிதுக்காதீர்கள். கட்டியோ படையோ திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

மார்பிலும் முதுகிலும் செதில் உதிரும் தேமல் வியர்வைக் காலத்தில் கூடும். சிகிச்சைக்குப் பிறகும் நிறம் திரும்பப் பல வாரம் பிடிக்கும். ஆனால் வெளிறிய தேமலில் தொட்டால் உணர்ச்சி குறைந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கூட்டு மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். நேரத்தோடு தொடங்கினால் ஊனத்தைத் தவிர்க்கலாம்.

படை முகத்திலோ பிறப்புறுப்பிலோ இருந்தாலும், காய்ச்சலோடு தோல் சிவந்து வலித்தாலும், கைக்குழந்தைக்கு என்றாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். போகும்போது இதுவரை பூசிய டியூப்களை, காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.