சித்திரை நட்சத்திரம் ஏன் நீலம்?

கேள்வி: ஐயா, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஒருமுறை ராத்திரியே வைகைக் கரைக்குப் போய்விட்டோம். பௌர்ணமி நிலாவுக்குப் பக்கத்தில் வெளிர்நீலமாக ஒரு நட்சத்திரம். "அதுதான் சித்திரை" என்றார் என் மாமனார். நீலமாக இருப்பதால் அது சூரியனைவிடக் குளிர்ந்ததா?
– ஒரு வாசகி, வில்லாபுரம்

பதில்: மாமனார் சரியாகத்தான் காட்டியிருக்கிறார், அம்மா. பௌர்ணமி நிலா அந்த நட்சத்திரத்தை ஒட்டி வருவதால்தான் மாதத்துக்கே சித்திரை என்று பெயர். மேல்நாட்டில் அதற்கு ஸ்பைக்கா என்று பெயர்.

குளிர்ச்சி என்பதுதான் சரியில்லை. வெந்நீர்க் குழாய்க்குச் சிவப்பு, பச்சைத் தண்ணீருக்கு நீலம் என்று பழகிவிட்டோம். வானத்தில் இது தலைகீழ். கொல்லன் பட்டறையில் இரும்பு முதலில் சிவக்கும். சூடு ஏற ஏற ஆரஞ்சு, மஞ்சள், பிறகு வெள்ளை. அதற்குமேல் இரும்பு தாங்காது, உருகிவிடும். விண்மீனுக்கு அந்தக் கவலை இல்லை. நீலம் வரைக்கும் போகும். (கேஸ் அடுப்பின் நீலம் வேறு கதை. அது எரியும் வாயுவின் மூலக்கூறுகள் தரும் நிறம்.) சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். சித்திரையில் சுமார் 25,000!

இவ்வளவு சூடு எடையால் வருகிறது. சித்திரை உண்மையில் இரண்டு விண்மீன்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. அவற்றில் பெரியது நீல ராட்சத விண்மீன், அதாவது கடும் சூட்டில் நீலமாக ஒளிரும் பெருத்த விண்மீன். சூரியனைப்போல் பத்து மடங்குக்கும் மேல் எடை. அத்தனை எடையும் மையத்தை அழுத்துவதால், அங்கே அணுக்கரு இணைவு, அதாவது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஹீலியமாகும் வினை, மிக வேகமாக நடக்கிறது. வெளிவரும் ஆற்றல் சூரியனைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்.

பத்து மடங்கு சம்பளக்காரர் பத்தாயிரம் மடங்கு செலவு செய்தால் என்ன ஆகும்? சூரியனின் ஆயுள் 1,000 கோடி ஆண்டு. இத்தகைய விண்மீனுக்கு ஓரிரு கோடிதான். பிறகு வெடித்துச் சிதறும். பயம் வேண்டாம்; அது இருப்பது 250 ஒளியாண்டு தொலைவில். ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு. நீங்கள் பார்த்த ஒளி, மதுரையை ஆண்ட யூசுப் கான் அங்கே தூக்கிலிடப்பட்ட 1764-ஐ ஒட்டிய காலத்தில் புறப்பட்டது.

சித்திரைப் பௌர்ணமி கழிந்து ஒரு வாரம் போனதும் இரவு ஒன்பதரைக்கு மொட்டைமாடிக்குப் போங்கள். நிலா வெளிச்சம் இருக்காது. வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டினால் முதலில் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி, அதையும் தாண்டித் தெற்கே சித்திரை. சுவாதியின் சூடு சுமார் 4,000 டிகிரிதான். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள், நிற வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.